கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

யூஸ்நெட் என்ற பழைய கணினிவழி விவாத வலையில், நிரல்களை எல்லோருக்கும் அனுப்புவதற்காக மாட்.சோர்சஸ் என்று தொடங்கி, பிறகு காம்ப்.சோர்சஸ்.யுனிக்ஸ் என்று பெயர் மாறிய குழுவை அடுத்தடுத்து மட்டுறுத்திய ஜான் நெல்சன், ரிச் சால்ஸ், பால் விக்ஸி ஆகியோருக்கும், அதற்கு நிரல் எழுதி அனுப்பியவர்களுக்கும், பிழை கண்டு சொன்னவர்களுக்கும் இந்த மடல். என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

பெர்ல் என்ற நிரல்மொழி எனக்குப் பதினைந்து வருடம் சோறு போட்டது. லாரி வால் 1987 டிசம்பரில் வெளியிட்ட முதல் பதிப்பு, உங்கள் குழு வழியாகப் பத்துத் துண்டுகளாக ஊர் ஊராகப் போனது. அதுவரைதான் எனக்குத் தெரியும். போன மாதம் உங்கள் குழுவின் பழைய தொகுதிகளைத் திறந்தபோதுதான் நீங்கள் பட்ட பாடு புரிந்தது.

நிரல்கள் வந்தது ஷார் என்ற கட்டுகளாக: பல கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய சாதாரண எழுத்துக் கோப்புகள். யுனிக்ஸ் கட்டளைகளை இயக்கும் ஷெல்லில் ஓடவிட்டால் தானே அவிழ்ந்து நிரலாகும். பலவற்றில் வரிக்கு முன்னால் ஓர் எக்ஸ் நிற்கிறது. முதலில் ஏனென்று விளங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: தனியாக ஒரு புள்ளி மட்டும் உள்ள வரி வந்தால், மடல் அங்கேயே முடிந்துவிட்டதாகச் சில நிரல்கள் எடுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் அந்த எக்ஸ். ரிச் சால்ஸ் எழுதிய ஷார் கருவியோ, ஒவ்வொரு கோப்பும் அவிழ்ந்ததும் அதன் எழுத்துகளை எண்ணிப் பார்க்கிறது. வழியில் ஏதாவது அறுந்திருந்தால் உடனே சொல்லிவிடும்.

இவ்வளவு கவனம் எதற்கு? தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பும் 1200 பாட் வேக மோடத்தில் ஐம்பது கிலோபைட் துண்டு ஒன்று போக ஏழு நிமிடம். பத்துத் துண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். கெட்டுப்போன கட்டு ஒன்றை விட்டுவிட்டால் அத்தனை பேருக்கும் தண்டச் செலவு. லாரி வால் 1985-ல் தந்த பேட்ச் என்ற கருவி வந்தபின், மாறிய வரிகளை மட்டும் அனுப்பினால் போதும் என்றானது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஷார் கோப்பை ஓடவிடுவது, வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுப்பது மாதிரி. எத்தனையோ பேர் அதைத் துணிந்து ஓடவிட்டார்கள் என்றால், இடையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியம்தான். அனுப்பியதையெல்லாம் வாங்கி, தொகுதி எண்ணும் இதழ் எண்ணும் இட்டு, பிறகு வெளியே விட்டீர்கள். அந்த எண்களை வைத்துத்தான் இன்றும் எதையும் தேடி எடுக்க முடிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய தொகுதியிலிருந்து ஒரு கட்டை எடுத்து, தனி அடைவில் வைத்து அவிழ்த்தேன். கோப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அளவு தவறு என்று ஒரு வரிகூட வரவில்லை.

உங்கள் மூவருக்கும், பெயர் தெரியாத மற்ற எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
ஒரு கணினி நிர்வாகி