ஸ்கேன் அறிக்கையில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்: கதிரியக்க மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கதிரியக்க மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூரில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். ஓவர்லாக் மெஷினில் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள், துணிக்கட்டு தூக்குகிறவர்கள். இடுப்பைப் பிடித்தபடி உள்ளே வரும்போதே இன்னொரு கையில் அந்தப் பெரிய ஸ்கேன் கவர் இருக்கும். அதிலிருந்து படத்தை எடுக்க மாட்டார்கள், நீங்கள் எழுதிய தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அந்தத் தாளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் நாற்பது வயது அக்கா ஒருவர் வந்தார். மூன்று வாரமாக இடுப்பு வலி. கால் மரத்துப்போகவில்லை, பாதத்தில் பலம் குறையவில்லை. உட்கார்ந்து எழுந்தால் பிடிப்பு, அவ்வளவுதான். அறிக்கையில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் (கீழ் முதுகில் ஜவ்வுப் பிதுக்கம்), தீகல் சாக்கில் (நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையில்) அழுத்தம், டீஜெனரேட்டிவ் டிஸ்க் டிசீஸ் (ஜவ்வு தேய்மான நோய்) என்று இருந்தது. அவருடைய மகன் ஒவ்வொரு வார்த்தையாக செல்போனில் தேடிப் படித்துச் சொல்லியிருக்கிறான். "ஜவ்வு தேஞ்சு நரம்ப அமுக்குதாமுங்க. இனிக் குனியவே கூடாதுங்களா? தண்ணிக் குடம் எடுக்கறதக்கூட விட்டுட்டேனுங்க" என்றார். வேலைக்குப் போவதையும் நிறுத்தியிருந்தார்.

நீங்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. படத்தில் இருந்ததைத்தான் எழுதினீர்கள். ஆனால் அந்த அக்காவுக்குத் தெரிய வேண்டிய இன்னொரு உண்மை அதில் விடுபட்டுவிட்டது. 2015ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தார்கள். வலி இல்லாத நாற்பது வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்மானம் இருந்தது, 50 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. எண்பது வயதில் தேய்மானம் 96 சதவீதம். இருபது வயதிலேயே 37. ஜவ்வில் நீர்ச்சத்து வற்ற வற்ற எம்ஆர்ஐயில் அது கறுப்பாகத் தெரிகிறது. தலைமுடி நரைப்பது போன்றதுதான் இது. நரைக்கு 'நோய்' என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

வார்த்தைக்கு என்ன பெரிய பலம் என்று நினைக்காதீர்கள். நமக்குப் பக்கத்திலேயே, கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2021ல் வெளியிட்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு எம்ஆர்ஐ அறிக்கையில் உள்ள கோளாறுகளை அப்படியே விளக்கினார்கள். மற்றவர்களிடம், பயப்பட ஒன்றுமில்லை, வயதுக்கேற்ற மாற்றங்கள்தான் என்றார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், முழு விளக்கமும் கேட்டவர்களுக்குத்தான் பயம் கூடியிருந்தது. வலியும் அவ்வளவாகக் குறையவில்லை, அன்றாட வேலைகளிலும் பின்தங்கியிருந்தார்கள். அப்புறம், ஒரே ஸ்கேன்களுக்கு வழக்கமான அறிக்கை ஒன்று, பயமுறுத்தும் சொற்களைத் தவிர்த்த அறிக்கை ஒன்று என்று எழுதி மருத்துவத் துறையினரிடமே கொடுத்தார்கள். இரண்டாவதைப் படித்தபோது அவர்களில் பெரும்பாலோருக்கு நோயின் தீவிரம் குறைவாகத் தெரிந்தது, அறுவை சிகிச்சை தேவை என்ற எண்ணமும் குறைந்தது. படம் மாறவே இல்லை. எழுத்து மட்டும்தான் மாறியது.

அதனால்தான் கேட்கிறேன். 'இந்த வயதில் வலி இல்லாதவர்களிடமும் இது பரவலாகக் காணப்படும் மாற்றம்' என்று ஒரு வரி எழுதுங்கள். அதைத் தமிழிலும் எழுதுங்கள். பணம் கட்டுகிறவர் தமிழில் படிக்கிறவர், வலியும் அவருடையது. 'கிளினிக்கல் கோரிலேஷன் தேவை', அதாவது நோயாளியைப் பரிசோதித்து இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கடைசியில் நீங்கள் போடும் வரி டாக்டருக்குப் புரியும். அந்த அக்காவுக்குப் புரியாது. ஜவ்வு நிஜமாகவே பிதுங்கி நரம்பைத் தொட்டிருந்தாலும் சொல்வதற்கு நல்ல செய்தி உண்டு: அப்படி வெளியே வந்த ஜவ்வு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது. அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உயிரைக் காப்பாற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு மாத முதுகு வலியோடு ஒரு தம்பி வந்தான். சாயந்திரமானால் காய்ச்சல், எடையும் குறைந்துகொண்டே வந்தது. வேறோரிடத்தில் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். எலும்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எம்ஆர்ஐயில் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளும் நடுவிலிருந்த ஜவ்வும் வெளுத்துக் கிடந்தன, பக்கத்தில் சீழ்க்கட்டி. அன்று மாலையே உங்களில் ஒருவர் டாக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். சிடி ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி செலுத்தித் திசு எடுத்து, காசநோய் என்று உறுதி செய்தார்கள். மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. முதுகெலும்புக் காசநோய் வந்த பெரும்பாலோரைப் படுக்கையில் கிடத்தாமலே மருந்தால் குணப்படுத்தலாம் என்று காட்டிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று நம் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடந்தது. ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால்தான் அந்த மருந்துக்கு வேலை. அன்று போன் செய்த அந்தக் கதிரியக்க மருத்துவருக்கு நான் இன்னும் நேரில் நன்றி சொல்லவில்லை, இந்த மடலில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொருவருக்கு அப்படி நடக்கவில்லை. இரண்டு காலிலும் வலி, உட்காரும் இடம் மரத்துப்போய்விட்டது, சிறுநீர் வரவில்லை. சனிக்கிழமை காலை ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய பிதுக்கம் ஒன்று நரம்புக் கொத்து முழுவதையும் நசுக்கிக்கொண்டிருந்தது. அறிக்கை திங்கட்கிழமை மாலை கவுன்ட்டரில் கிடைத்தது. மணிக்கணக்குப் பார்க்க வேண்டிய நோயில் இரண்டரை நாள் போய்விட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால் தேறிவிட்டது, நடக்கிறார். சிறுநீர் மட்டும் இன்றைக்கும் டியூப் வழியாகத்தான்.

இவருக்கும் அந்த அக்காவுக்கும் வந்த அறிக்கைகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. அதே எழுத்து, அதே கவர், இரண்டிலும் 'டிஸ்க்', 'கம்ப்ரெஷன்' என்ற சொற்கள். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று முதலில் தெரிந்துகொள்கிறவர் நீங்கள். இருட்டறையில் திரையைப் பார்க்கும் அந்த நிமிடத்தில் அது வேறு யாருக்கும் தெரியாது.

அவசரம் என்று தெரிந்தால் கவருக்குக் காத்திருக்காமல் போன் செய்யுங்கள். எங்களுக்குச் சந்தேகம் வந்தால் நாங்கள் கூப்பிட, அறிக்கையின் அடியில் உங்கள் பெயருக்குக் கீழே ஒரு போன் எண்ணும் போடுங்கள். அந்த அக்கா இப்போது வேலைக்குப் போகிறார். குடமும் தூக்குகிறார். அந்தத் தாளைத் தூக்கிப் போட மட்டும் அவருக்கு இன்னும் மனசு வரவில்லை, பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் நீங்கள் ஒரு வரி சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் திரும்ப வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்