பதினாறு பக்கக் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் ஒரு வாசகர், இளைஞர்கள் பாக்கெட் நாவல்களைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொழில் முன்னேற்ற நூல்களைப் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நாவல் நேரவீண், மற்றது முதலீடு என்கிறார். இரண்டையும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற வாசகர்களுக்கு இது சரியான கணக்காகத் தெரியாது. இரண்டும் அச்சாவது ஒரே இயந்திரத்தில். இரண்டின் கோளாறும் அங்கேதான் தொடங்குகிறது.

புத்தகம் பாரம் பாரமாக அச்சாகும். டெமி அளவில் ஒரு பாரம் பதினாறு பக்கம். மாத நாவலுக்கு ஆறு பாரம் என்று முடிவாகிவிட்டால் 96 பக்கத்துக்குள் கதை முடிந்தாக வேண்டும். எழுதுபவர் 85 பக்கம் வரை முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே போவார். மிச்சப் பக்கங்களில் இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொலைகாரனின் சின்ன வயசு வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். இதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை, தாள் தீர்ந்துவிட்டது.

தொழில் நூலின் நோய் நேர் எதிர். சொல்ல வந்த விஷயம் முப்பது பக்கத்தில் அடங்கும். ஆனால் முப்பது பக்கப் புத்தகத்துக்கு முதுகு இருக்காது, அலமாரியில் தலைப்பு தெரியாது, 399 ரூபாய் கேட்கவும் முடியாது. ஆகவே 15 பாரம், 240 பக்கம். ஒரே விதியை ஒரு விமான கம்பெனியை வைத்து ஒரு தடவை, ஒரு ஹோட்டலை வைத்து ஒரு தடவை, கூடைப்பந்து பயிற்சியாளரை வைத்து இன்னொரு தடவை சொல்வார்கள். அத்தியாயக் கடைசியில் கட்டம் போட்டு அதையே நான்காவது தடவை.

எனவே இவ்வகை நூலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பது அநாவசியம். பொருளடக்கத்தைப் பாருங்கள், முதல் அத்தியாயத்தை முழுதாகப் படியுங்கள், மற்றவற்றில் முதல் இரண்டு பக்கமும் கடைசிப் பக்கமும் போதும். மூன்றாம் அத்தியாயம் தாண்டியும் புதிதாக ஒரு விதி வரவில்லையென்றால் இனி வராது. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற வேலை. சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் நின்றபடி பார்க்கப் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால், பதிப்பு விவரப் பக்கத்தைத் திறந்து முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள். பிறகு கடைசிப் பக்கங்களுக்குப் போய்ச் சொல்லடைவும் (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) அடிக்குறிப்புகளும் உண்டா என்று பாருங்கள். அடிக்குறிப்பே இல்லாமல் "ஆய்வுகள் சொல்கின்றன" என்று பேசும் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம்.

ஆண்டு ஏன் முக்கியம்? ஜிம் காலின்ஸ் எழுதிய பிரபல அமெரிக்கத் தொழில் நூல் 'குட் டு கிரேட்' 2001இல் வந்தது. 1,435 நிறுவனங்களை அலசி, பதினொன்றை மகத்தானவை என்று பொறுக்கி எடுத்தது. அந்தப் பதினொன்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் கடைத்தொடர் 2008இல் திவால் மனு கொடுத்தது. இன்னொன்றான ஃபேனி மே என்ற வீட்டுக் கடன் நிதி நிறுவனத்தை அதே ஆண்டு அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. புத்தகம் அதனால் குப்பையாகிவிடாது. ஆனால் ஜெயித்தவர்களை முதலில் பொறுக்கிக்கொண்டு, அவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று பிறகு தேடினால் எதையாவது கண்டுபிடிக்கத்தான் செய்வோம். அதே குணங்களோடு இருந்து தோற்றவர்கள் எத்தனை பேர் என்று நூல் சொல்கிறதா? அதைக் கேட்டுக்கொண்டு படித்தால் போதும்.

பண விஷய நூல்களைப் பென்சிலும் கால்குலேட்டருமாகத்தான் படிக்க வேண்டும். மாதம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி, 20 ஆண்டு: கையில் சுமார் 50 லட்சம். கணக்கு சரி. நாம் கட்டியது 12 லட்சம்தான் என்பதால் வாயைப் பிளக்கத் தோன்றும். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 50 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 15.6 லட்சம். வளர்ச்சி 12க்குப் பதில் 8 சதவீதமாக நின்றுவிட்டால் கையில் வருவதே 29.6 லட்சம்தான். முதல் வரியைப் பெரிய எழுத்தில் போடும் நூல், அடுத்த இரண்டு வரிகளையும் போடுகிறதா என்பதுதான் அதன் யோக்கியதை. தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் ஆண்டு முடிவில் 37 மடங்கு என்று ஒரு கணக்கும் உலவுகிறது. பெருக்கிப் பார்த்தால் சரிதான். நிமிடத்துக்கு 40 சொல் தட்டச்சு செய்கிறவர் அப்படியானால் அடுத்த ஆண்டு 1,500 சொல் அடிக்க வேண்டும்.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் வேறொரு தொல்லை. சொற்கள் தமிழாகின்றன, சூழல் ஆவதில்லை. அமெரிக்க வீட்டுக் கடன் பெரும்பாலும் 30 ஆண்டுக்கு ஒரே வட்டி. நம் ஊரில் பெரும்பாலும் மாறும் வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி ஏறினால் தவணைத் தொகை கூடும், இல்லையென்றால் காலம் நீளும். அங்கே "கடன் வாங்கி வீடு வாங்கு" என்று சொன்ன அறிவுரை, ஒயிட்ஃபீல்டில் அடுக்குமாடி வீடு பார்க்கிறவருக்கு அப்படியே பொருந்தாது. அவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தை நான்கு பக்கம் விளக்கும் பதிப்பில், பி.எஃப். பற்றியோ 15 ஆண்டு பி.பி.எஃப். பற்றியோ ஒரு அடிக்குறிப்பாவது போட்டிருக்கலாம். பேலன்ஸ் ஷீட் என்றால் அவென்யூ ரோட்டில் கடை வைத்திருக்கிறவருக்கும் புரியும். 'ஐந்தொகை' என்றால் ஆடிட்டரே ஒரு நொடி நிற்பார்.

சரி, உருப்படியான தொழில் நூல் எப்படி இருக்கும்? வேடிக்கை என்னவென்றால், இந்த வகையில் நெடுநாள் நின்ற ஒன்று நாவலாக எழுதப்பட்டது. எலியாஹு கோல்ட்ராட்டின் 'தி கோல்', 1984. மூட இருக்கும் ஆலை, மேலாளருக்கு மூன்று மாதக் கெடு. ஆலையை எப்படிச் சரிசெய்வது என்பது அவருக்கு ஒரு நடைப்பயணத்தில் புரிகிறது: அவர் அழைத்துப் போகும் சிறுவர் கூட்டத்தில் மெதுவாக நடக்கும் ஒருவன்தான் மொத்த வரிசையின் வேகத்தையும் தீர்மானிக்கிறான். அவனை முன்னால் விட்டு, பையின் சுமையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததும் எல்லோரும் வேகமாகிறார்கள்.

இதையே பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வைத்துப் பாருங்கள். உலோகத்தைக் கடையும் லேத் மணிக்கு 60 பீஸ், அதைச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் உலை மணிக்கு 40. மெதுவாக நடக்கும் பையன் இங்கே உலைதான். எட்டு மணி நேர ஷிஃப்டில் லேத்தை ஓயாமல் ஓட்டினால் உலை வாசலில் தினம் 160 பீஸ் தேங்கும். துரு, இடநெருக்கடி, முடங்கிய பணம் எல்லாம் அதோடு வரும். லேத்துக்கு இன்சென்டிவ் கொடுத்தால் நிலைமை இன்னும் கெடும். உலை சாப்பாட்டு நேரத்தில் சும்மா நிற்காமல் பார்த்துக்கொள்வதும், ரிஜெக்ட் ஆகப்போகிற பீஸை உலைக்குள் போகும் முன்பே இன்ஸ்பெக்ஷனில் கழிப்பதும்தான் முதல் வேலை. இதை விதியாகச் சொன்னால் மறந்துபோகும். அந்தப் பையன் மூச்சு வாங்கியபடி நடப்பது மறக்காது.

கதையை மட்டமாக நினைக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. நம் ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய சுஜாதா, தன் கதைகளில் வரும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் பேசிக்கொள்வதாக எத்தனை தொழில்நுட்ப விஷயங்களை வாசகர் தலைக்குள் ஏற்றினார்! ராஜேஷ்குமார் வாசகர்களுக்கு இரண்டு தடக் கதை பழக்கம்: ஓர் அத்தியாயம் இங்கே, அடுத்தது வேறு ஊரில் வேறு ஆட்கள், இரண்டும் எங்கே முட்டும் என்ற ஒரே கேள்வியில் பக்கம் ஓடும். ஒரு நல்ல பிராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுவதைவிட இது கடினம்.

தொடர்கதையாக வந்து பிறகு புத்தகமானவற்றை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். வாரம் ஒரு திடுக் வேண்டும் என்று கட்டியது, நான்கு பக்கத்துக்கு ஒரு திடுக்காக வரும்போது சலிக்கும். போன வாரத்தை நினைவூட்டும் வரிகளும் உறுத்தும். இந்திரா நகரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் இறங்குவதற்குள் ஓர் அத்தியாயம், அது போதும்.

நடைபாதையில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் திருட்டுப் பிரதி பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேன் செய்து அடித்ததால் எழுத்தின் ஓரம் பஞ்சு போல இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மாறும், வரி சாயும். தொழில் நூலில் அட்டவணையில் 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது. நாவலில் இன்னும் மோசம்: பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போய் 192க்குப் பிறகு 209 வரும். கொலை நடந்ததே அந்தப் பதினாறு பக்கத்தில்தான் இருக்கும். பக்க எண்களை ஒருமுறை கட்டைவிரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

உங்கள் நூல் அறிமுகப் பகுதியில் விலையும் பதிப்பகமும் போடுகிறீர்கள். கூடவே மூல நூலின் முதல் பதிப்பு ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் பெயர், சொல்லடைவு உண்டா, உதாரணங்கள் ரூபாயிலா டாலரிலா என்று ஒரு வரி சேர்த்தால் வாங்குகிறவருக்கு உதவும். நாவல் என்றால் தொடராக வந்ததா, நேரே புத்தகமா என்பதைச் சொல்லுங்கள். முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். போன மாதம் வந்த துப்பறியும் நாவல் அறிமுகத்தில் கொலைகாரன் யார் என்பது மூன்றாம் வரியிலேயே இருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
அல்சூர், பெங்களூரு