பொதுமக்களுக்கு ஆர்வமில்லையாம்!

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பிரதேச சபைகளின் மானியத் திட்டங்களுக்கு மக்கள் கருத்தறியும் கூட்டங்கள் நடத்தப்பட்டது பற்றித் தங்கள் பத்திரிகை கடந்த வாரம் எழுதியிருந்தது. ‘பொதுமக்கள் போதிய ஆர்வம் காட்டவில்லை’ என்று ஒரு அதிகாரி கவலைப்பட்டிருந்தார். கூட்டம் எப்போது, எங்கே என்று யாருக்குச் சொன்னீர்கள் எனத் தங்கள் நிருபர் அவரைக் கேட்டிருக்கலாம்.

எங்கள் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன். அறிவித்தல் ஒட்டியிருந்தது சபைக் கட்டடத்துக்கு உள்ளே, வரி கட்டும் யன்னலுக்குப் பக்கத்தில். கூட்டம் வேலை நாளில், காலை 10 மணிக்கு. காலபோக விதைப்பு நேரம் வேறு. உழவு மெசினுக்கு முறை பார்த்து நிற்பவன் அதை விட்டுவிட்டு வந்து ஆர்வம் காட்ட வேண்டுமாக்கும்.

தங்களுக்குத் தெரியாததல்ல. உள்ளூராட்சி சபைகளின் வேலைகளுக்கென்று நெல்சிப் திட்டம் வந்தபோதும் சரி, பிறகு எல்.டி.எஸ்.பி. திட்டம் வந்தபோதும் சரி, மக்களைக் கேட்டுத் திட்டம் போடு, முறைப்பாட்டுக்கு வழி வை என்பது உலக வங்கிக் காசோடு கூடவே வந்த நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். வன்னிக்கு வந்து சேரும்போது அது ஒரு வரவுத் தாளும் நாலு படமும் ஆகிவிடுகிறது. மீள்குடியேறிய நாள் முதல் கிணறு, மலசலகூடம், வீடு என்று நாங்கள் ஒப்பம் வைக்காத தாள் உண்டா?

முந்திய ஒரு கூட்டத்துக்கு நான் போனேன். எங்கள் ஒழுங்கைக்கு மதகு வேண்டும் என்று எழுந்து நின்று சொன்னேன். மதகு வரவில்லை, ஒழுங்கையைக் கிரவல் போட்டு உயர்த்தினார்கள். மாரி வெள்ளம் இப்போது எங்கள் வளவுகளுக்குள் நிற்கிறது. முறையிடப் போனால், “ஐயா, நீங்களும் கூட்டத்துக்கு வந்தனீங்கள்தானே, சைன் இருக்கு” என்று தாளைக் காட்டினார்கள். வந்தால் சம்மதம், வராவிட்டால் ஆர்வமில்லை. நாங்கள் எப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று அந்த அதிகாரி சொன்னால் உதவியாயிருக்கும்.

வாசலில் முறைப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. திறப்பு லீவில் போனவரிடம் இருக்கிறதாம். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும்வரை, உறுப்பினர் இல்லை, பொறுங்கள் என்றார்கள். இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அது பழைய திட்டம், எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாசலில் நின்று கேட்டால் சொல்லக்கூடியதற்கு அவ்வளவு தூரம் போக வைக்கிறார்கள்.

கூட்டத்தை ஒரு ஞாயிறு பின்னேரம் ஊர்ச் சனசமூக நிலையத்தில் வைக்கட்டும். முதல்நாள் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கட்டும்; வரி நிலுவையை அறிவிக்க அப்படித்தானே வருகிறார்கள்! முறைப்பாடு கொடுத்தால் இலக்கமும் திகதியும் போட்ட ஒரு துண்டு தரட்டும். இதைத் தங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

பெயரைப் போட வேண்டாம். மதகு இன்னும் வர இருக்கிறது.

இங்ஙனம்,
வரி செலுத்தும் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.