எலி பிடிக்கும் கை

டர்பன்
ஆடி மாதம்

அன்புள்ள கமலா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் மருந்துச் சோதனையில், மருந்தில்லாமல் வெறும் தண்ணீர் மட்டும் ஊட்டிய விஸ்டார் எலிகளே (ஆய்வுக்கூட வெள்ளெலி வகை) இளைத்து, மூன்று செத்தும் போயின என்றால், முதலில் மருந்து ஊட்டும் கையைப் பார். செத்தவற்றின் மார்பைத் திறந்தீர்களா? மூச்சுக்குழலில் நுரையும் நுரையீரலில் கனமும் இருந்தால் தண்ணீர் தவறான குழாயில் போயிருக்கிறது. மார்பறையில் திரவம் தேங்கியிருந்தால், வாய்வழியே இறக்கி ஊட்டும் ஊசி உணவுக்குழாயைக் கிழித்திருக்கிறது.

உருண்டை முனை ஊசியை எலியின் பக்கத்தில் வைத்து, வாயிலிருந்து கடைசி விலா எலும்பு வரை அளந்து குறியிடு. எலியை நிமிர்த்தி, தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் வரப் பிடிக்க வேண்டும். பிடரித் தோலை இறுக்கினால் தொண்டை நெரிபடும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். ஊசி தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். தடுத்தால் தள்ளாதே, வெளியே எடு. மூக்கில் துளி கசிந்தால் அத்தோடு நிறுத்து. எலிக்கு வாந்தி எடுக்க வராது என்பதை உன் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்.

ஊட்டும் திரவத்தின் அளவு, எலியின் எடையில் கிலோவுக்கு 10 மில்லிக்கு மேல் போகக் கூடாது. 200 கிராம் எலிக்கு 2 மில்லி. எனக்குக் கிலோவுக்கு 5 மில்லிக் கணக்குதான் பிடிக்கும். வளரும் எலி என்பதால் எடையை வாரத்துக்கு ஒரு முறையாவது புதிதாகப் போடு. போன மாத எடைக்கு இந்த மாதம் மருந்து கலந்தால் கணக்கே பொய்.

கண்ணைச் சுற்றியும் மூக்கோரத்திலும் செம்பழுப்புக் கறை தெரிகிறதா? அது ரத்தமல்ல, கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியின் போர்ஃபிரின் நிறமி. உடம்பு சரியில்லை, அல்லது மிரண்டிருக்கிறது என்று பொருள். அந்த எலியிடம் எடுத்த ரத்த அளவீட்டை நான் நம்பமாட்டேன். வந்திறங்கிய எலிகளுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்தீர்களா? தினமும் வெறுங்கையோடு தூக்கிப் பழக்கினாலே பாதி மிரட்சி போய்விடும்.

உங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலக் காற்று வறட்சி. ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் குட்டிகளின் வாலில் வளையம் வளையமாக இறுக்கம் விழும். மின்வெட்டில் காற்றோட்டம் நின்றாலோ, விளக்கு நேரம் தப்பினாலோ, குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்.

மருந்து கொடுத்த குழு, தண்ணீர் கொடுத்த குழு இரண்டின் எடைப் பட்டியலையும், ஊசியின் நீளத்தையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சாந்தா