கேன் மேல் நீண்டு நிற்கும் கிரில் தட்டு: பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையை நிறுத்தவும் கோரி புகார்

அனுப்புநர்:
மதுரை வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, தொலைபேசி எண் என் ஆர்டரில் உள்ளபடி)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: கேன் (எரிவாயு அடைத்த சிறு டப்பா) போட்டு எரிக்கும் கேஸ் கிரில்லில் ஆபத்தான வடிவமைப்புக் குறை.

ஐயா / அம்மா,

வணக்கம். டிசம்பர் 9 அன்று உங்கள் இணையதளத்தில் 6,490 ரூபாய் கட்டி இந்த கிரில்லை வாங்கினேன். கொடைக்கானலில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்குவதாக இருந்தோம். தங்கும் வீட்டின் உரிமையாளர் கரி அடுப்பு கூடவே கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார். சுற்றிலும் பைன் மரங்கள், காய்ந்த ஊசி இலை கணுக்கால் அளவுக்குக் கிடக்கிறது, ஒரு பொறி விழுந்தால் போதும். கேஸ் என்றால் சிமெண்ட் முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். 5 கிலோ சிலிண்டரில் மாட்டும் கிரில்களையும் பார்த்தேன். ஏழு பேரும் சாமானும் ஏறிய காரில் சிலிண்டருக்கு இடமில்லை. கடைசியில் கேன் போடும் மூன்று மாடல்களில் உங்களுடையதைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியில் இருந்த இரண்டு வரிகள்தான் காரணம்: "ஒரு கேனில் 3 மணி நேரம்", "ஆறு பேருக்குப் போதுமான அகலத் தட்டு".

அந்த அகலத் தட்டைப் பற்றித்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

முதல் நாள் மாலை வஞ்சிரம் துண்டுகளைத் தட்டில் அடுக்கி, தீயை முழுதாக வைத்தேன். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் "டக்" என்று ஒரு சத்தம், தீ அணைந்துவிட்டது. காற்று என்று நினைத்து, கேனை மாட்டும் லீவரை மறுபடி அழுத்திப் பற்ற வைத்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே சத்தம். மூன்றாவது முறை நான் கை வைக்கப் போகும்போது, தட்டை நகர்த்த வந்த என் தங்கை கேன் மூடியைத் தொட்டுவிட்டு, "அண்ணே, இது என்ன இப்படிச் சுடுது, விடுங்க" என்று கையை இழுத்துக்கொண்டாள். தங்கையின் ஆறு வயது மகன் அப்போது ஒரு கை தூரத்தில் நின்று மீன் எப்போது வெந்து முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். எல்லோரையும் வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு, லீவரைத் தொடாமல் அப்படியே விட்டேன். அரை மணி நேரம் கழித்து ஆறிய பிறகுதான் கேனைக் கழற்றினேன்.

மதுரைக்குத் திரும்பியதும் அடுப்பு ரிப்பேர் செய்யும் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பெரியவர் தட்டை ஒருமுறை வைத்துப் பார்த்தவுடனே காரணத்தைச் சொல்லிவிட்டார். கேன் சூடானால் உள்ளே அழுத்தம் ஏறும். அளவு மீறினால் கேனைத் தானாகக் கழற்றிவிடும் பாதுகாப்பு அமைப்பு இந்த அடுப்பில் இருக்கிறது. அன்று இரண்டு முறை கேட்ட சத்தம் அதுதான். அது வேலை செய்ததால்தான் இன்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஆனால் அதை மீறி நான் இரண்டு முறை பற்ற வைக்கப் பார்த்தேனே! உங்கள் கையேட்டின் பன்னிரண்டு பக்கத்திலும் இப்படி ஒரு அமைப்பு இருப்பதாகவோ, அது கழன்றால் உடனே நிறுத்த வேண்டும் என்றோ ஒரு வரி இல்லை.

கடையில் ஸ்கேல் வைத்து அளந்தோம். நீங்கள் கொடுத்த தட்டு பர்னர் பகுதியைத் தாண்டி, கேன் இருக்கும் அறையின் மேல் 7 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. தட்டின் அடிச்சூடு நேராகக் கேன் மேல் இறங்குகிறது. அகலமான பாத்திரம் கேனை மூடக் கூடாது என்பது இந்த வகை அடுப்புகளுக்கெல்லாம் அடிப்படை எச்சரிக்கை. நான் வேறு பாத்திரம் எதையும் வைக்கவில்லை. உங்கள் பெட்டியில் வந்த தட்டைத்தான் வைத்தேன்.

அடுத்தது அந்த 3 மணி நேரம். கிரில்லின் அடியில் நீங்களே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மணிக்கு 160 கிராம் எரிவாயு செலவாகும் என்று இருக்கிறது. கேனில் இருப்பது 220 கிராம். வகுத்தால் 1 மணி 22 நிமிடம் வருகிறது. சிறு தீயில் 3 மணி நேரம் என்றால் பெட்டியில் அப்படியே போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை தட்டை எடுத்துவிட்டு டீ போடப் பார்த்தோம். கடுங்குளிர். புதுக் கேன்தான், ஆனாலும் தீ வர வர மெலிந்தது, கேன் மேல் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. கேனில் திரவமாக இருக்கும் பியூட்டேன் கொதித்து வாயுவாவது ஏறத்தாழ மைனஸ் அரை டிகிரியில். வெளியே குளிராக இருந்து, எரிய எரியக் கேனும் குளிர்ந்தால் வாயு சரியாகக் கிளம்பாது. இதைக் குறை என்று நான் சொல்லவில்லை. மலையில் சமைக்க ஏற்றது என்று விளம்பரம் செய்யும் நீங்கள் இதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தபோது கிடைத்த பதில்தான் என்னைப் பதற வைத்தது: "கேனைக் கொஞ்ச நேரம் கொதிக்கிற தண்ணீரில் வைத்து எடுங்க சார்." 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று அந்தக் கேனிலேயே அச்சிட்டிருக்கிறது. உங்கள் ஊழியருக்குத் தெரியவில்லை என்றால் தவறு அவருடையது அல்ல. அவருக்குச் சொல்லிக் கொடுக்காதது உங்கள் தவறு.

டிசம்பர் 29 அன்று படங்களோடு மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததற்கான பதில் வந்திருக்க வேண்டும். பதினோரு நாளாகியும் ஒன்றும் வரவில்லை.

மாற்று கிரில் எனக்கு வேண்டாம், அதிலும் இதே தட்டுதான் வரும். 6,490 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். இந்தத் தட்டோடு விற்பதை உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் தொலைபேசி எண்கள் உங்களிடம் இருக்கின்றன. தட்டை உபயோகிக்க வேண்டாம் என்று இன்றே அவர்களுக்குச் செய்தி அனுப்புங்கள். என் பணம் நாலு நாள் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன், இந்தச் செய்தி தாமதமாகக் கூடாது. கையேட்டைத் தமிழிலும் அச்சிடுங்கள். எங்கள் வீட்டில் அடுப்பைப் பற்ற வைக்கும் பாதிப் பேருக்கு ஆங்கிலம் படிக்க வராது.

வடிவமைப்புக் குறைக்கும், போதிய எச்சரிக்கை தராததற்கும் தயாரிப்பாளர்தான் பொறுப்பு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-வது பிரிவு சொல்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்வேன்.

பில், தட்டை அளந்த படங்கள், ஸ்டிக்கரின் படம் இணைத்துள்ளேன். கிரில்லைத் தட்டோடு பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். பாதி தீர்ந்த இரண்டு கேன்களையும் வெயில் படாத இடத்தில் தனியாக வைத்துள்ளேன். அவற்றைக் கூரியரில் அனுப்ப முடியாது. ஆகவே எரிவாயு கையாளத் தெரிந்த ஆளையே அனுப்புங்கள், முதல் நாளே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
மதுரை, ஜனவரி 9