சொட்டு மருந்து கண்ணில் தங்க வேண்டும்: ஆய்வு நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் அக்கம்பக்க மருந்தகம் ஒன்றில் மருந்தாளராகப் பணியாற்றுகிறேன். நானோதுகள்கள் எனப்படும் மிக நுண்ணிய துகள்களையும் சளிச்சவ்வில் ஒட்டும் பொருள்களையும் கொண்டு மருந்து செலுத்தும் ஆய்வுகளுக்கு நீங்கள் நிதி வழங்கும்போது, அந்த மருந்தை நாளை பயன்படுத்தப்போகும் முதியவர்களின் உடலில் அது தங்குகிறதா என்பதைத் தொடக்கத்திலேயே சோதிக்குமாறு நிபந்தனை விதிக்க வேண்டுகிறேன்.

கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு சொட்டின் அளவு ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் மேற்பரப்பில் இயல்பாக உள்ள கண்ணீரோ 7 முதல் 10 மைக்ரோலிட்டர்தான். மிகுதி கன்னத்தில் வழிகிறது, அல்லது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கிவிடுகிறது. கண்ணுக்குள் சென்று சேர்வது பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் போன்ற மருந்து இவ்வாறு இரத்தத்தில் கலந்தால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலே வரக்கூடும். கை நடுங்கும் பாட்டி ஒருவர் எங்கள் முகப்பில் அண்ணாந்து நின்று, தாம் மருந்து விடும் விதத்தைச் செய்து காட்டினார். முதல் சொட்டு இமைமேல் விழுந்தது, இரண்டாவது மூக்கோரத்தில். "தினமும் விடுறேன் தம்பி, அழுத்தம் குறையலைன்னு டாக்டர் சொல்றாரு" என்றார்.

இந்த இழப்பைத் தடுக்கவே கைட்டோசான் பூசிய துகள்கள் உருவாக்கப்படுகின்றன. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது. கண்ணின் சளிப்படலத்திலுள்ள மியூசின் என்னும் புரதம் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் கண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மை) அளவு 7.4-ஐ ஒட்டியது, அந்த நிலையில் கைட்டோசான் தன் மின்னூட்டத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். கண் வறட்சியுள்ள முதியவர்களிடம் மியூசினும் குறைந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் வழக்கமாகப் பயன்படும் முயலோ மனிதரைவிட மிக அரிதாகவே கண் சிமிட்டும் விலங்கு. முயலின் கண்ணில் நெடுநேரம் தங்கிய துகள், அந்தப் பாட்டியின் கண்ணிலும் தங்கும் என்று எப்படி நம்புவது?

இதை இவ்வூரிலேயே செய்ய முடியும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகமும் கண் அழுத்த நோய்க்கான லட்டானோபுரோஸ்ட் மருந்தை லைபோசோம்கள் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அடைத்து, கண்ணின் வெண்படலத்தடியில் ஊசியாகச் செலுத்தும் முறையைச் சிறு நோயாளர் குழு ஒன்றில் சோதித்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டன. எண்ணிக்கை சிறிதே ஆயினும் சோதனை நோயாளரிடமே நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே, துகளின் அளவையும் மின்னூட்டத்தையும் காட்டும் வரைபடங்களோடு நிறைவடையாமல், கண் வறட்சியுள்ள முதியவர்களிடம் மருந்து எத்தனை நிமிடம் தங்குகிறது என்பதை அளக்கும் சிறு ஆய்வுக்கும் விண்ணப்பத்திலேயே தனித்தொகை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மருந்துகள் கெடாமல் நிலைப்பதைச் சோதிக்க ஆசியான் வழிகாட்டி கூறும் 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 75 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் துகள்கள் ஒன்றோடொன்று திரளாமல் இருக்கின்றனவா என்பதும் முதல் கட்டத்திலேயே தெரியவேண்டும். மருந்து தங்கவில்லை என்று முடிவு வந்தால், அதையும் வெளியிடச் செய்து, அந்தக் குழு அடுத்த நிதிக்கு விண்ணப்பிக்கும்போது அதை ஒரு குறையாகக் கருதாதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அங் மோ கியோ வட்டார மருந்தாளர் ஒருவர்