ஐம்பதைத் தாண்டியவர் சாப்பிடுவதில்லையா?

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றில் உணவுக் கணக்கெடுப்பைக் கவனிக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். வீடு வீடாகப் போய் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பது என் வேலை. 10 உணவு வகைகள், அதில் 5 வகையாவது சாப்பிட்டிருந்தால்தான் தேறும், ஒரு வகை 15 கிராமுக்குக் குறைந்தால் அது கணக்கில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போன வாரம் ஒரு வீட்டில் மருமகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கீரை, பருப்பு, பால், முட்டை என்று வரிசையாகப் போய் மருமகளுக்கு 6 தேறியது. நான் எழுந்தபோது மாமியார், "என்னைக் கேட்கலையே?" என்றார். வயதைக் கேட்டேன். 52. படிவம் 49 வயதோடு முடிந்துவிடுகிறது. "உங்களுக்கு இல்லைம்மா" என்றேன். சிரித்தார். "முட்டை இவளுக்கும் பிள்ளைகளுக்கும் சரியாப் போச்சு. சட்டியில ஒட்டிக்கிட்டிருந்ததை வழிச்சுச் சாப்பிட்டேன். அதையாவது எழுதிக்கோ." எழுத இடமில்லை. பேனாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வீடு உங்கள் கணக்கில் நன்றாகச் சாப்பிடும் வீடு.

2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் குறைந்தபட்ச உணவுப் பன்மையை, அதாவது ஒருவர் போதிய வகை உணவு சாப்பிடுகிறாரா என்ற இந்தக் கணக்கை, நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் குறியீடாக ஏற்றுக்கொண்டது. உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் 2.2.4 என்ற எண் கொண்ட அந்தக் குறியீட்டுக்குள் இருப்பவர்கள் 6 முதல் 23 மாதக் குழந்தைகளும், 15 முதல் 49 வயது வரையுள்ள, கருவுறாத பெண்களும் மட்டுமே. அவர்களை முதலில் எண்ணியது நியாயம்தான். மற்றவர்கள் காற்றைக் குடித்தா வாழ்கிறார்கள்? வயதானவர்களையும் ஆண்களையும் வளரும் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணுங்கள் என்பதே என் கோரிக்கை.

செலவாகும் என்பீர்கள். நான்தான் ஏற்கனவே அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேனே! "ஆமாம்", "இல்லை" என்று மட்டும் பதில் கேட்கும் உணவுத்தர வினாத்தாள் ஒன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. 15 வயது நிரம்பிய யாரிடமும் கேட்கலாம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இனிப்புப் பானமும் உப்புத் தின்பண்டமும்கூட அதில் உண்டு.

அது இன்னொரு வயிற்றெரிச்சல். நல்ல உணவென்றால் போதுமானதாக, சமநிலையாக, அளவோடு, பலவகையாக இருக்க வேண்டும் என்று 2024-இல் உங்களில் இரண்டு அமைப்புகள் சேர்ந்து சொன்னீர்கள். குறியீடு எண்ணுவதோ கடைசி ஒன்றை. 5 வகை சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்கச் சர்க்கரைத் தண்ணீராகக் குடிப்பவரும் என் படிவத்தில் தேறிவிடுவார். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறீர்கள். அதைப் பற்றிக் கேட்க என் தாளில் ஒரு வரிகூட இல்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: எல்லா வயதினரையும் எண்ணுங்கள். அடுத்த சுற்றில் அதே வீட்டுக்குப் போகும்போது அந்த அம்மாவிடமும் கேட்க என் படிவத்தில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு களப்பணியாளர்